என் பெயருக்கு ஒரு நாடே குரல் கொடுத்தது

செத்துப்போனவன் எழுதுவது என்று வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அரபு நாடு ஒன்றில் நான் செத்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறதாம். நானோ தோஹாவில், நஜ்மா என்கிற பகுதியில் இருக்கிற மகன் வீட்டில், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதச் சொன்னவன் பிரகாஷ். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமா குவாரியில் எனக்குப் பிறகு வெடி வைக்கிற பொறுப்புக்கு வந்தவன். இப்போது அங்கே எல்லாம் மாறிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன வில்லை வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி தெரியும். எல்லாப் புள்ளியும் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் வெடிக்கலாம். பேர் கூப்பிடுகிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். "நீங்க ஏண்ணே கடைசி நாள் வரைக்கும் தொண்டை கிழியக் கத்துனீங்கன்னு புதுப் பயலுக கேக்குறானுக. அந்தப் பிரதமர் கதைய வேற ஆளுக்கொரு மாதிரி சொல்றானுக. நீங்களே எழுதிப் போட்டுருங்க" என்றான். அவன் கேட்ட இரண்டும் ஒரே கதைதான்.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கல்லுடைத்துக்கொண்டிருந்தவன், ஏஜெண்ட் பிடித்து ராஸ் அல் கைமாவில் வந்து இறங்கினேன். அங்கே சுண்ணாம்புக்கல் மலையைப் படிப்படியாக வெட்டி இறக்கி சிமெண்ட் ஃபாக்டரிக்கு அனுப்புவார்கள். முதலில் துளை போடுகிற மெஷினில் கையாள், அப்புறம் வெடி வைக்கிற இடத்தில் கையாள், அப்புறம் பரீட்சை, லைசென்ஸ். ஊரிலிருந்து கொண்டுவந்த அசட்டுத் தைரியத்தை மறப்பதுதான் உண்மையில் என் டிரெயினிங். மறக்க வைத்தவர் கான் சாப்.

பெஷாவர்க்காரர். ஆறடி ஆள். குவாரிக்குள் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை; மற்றவன் ஓடினாலும் கெட்ட கோபம் வரும். வெடி மருந்து வண்டி வருவதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் பாக்கெட்டையும் அவரே தடவிப் பார்ப்பார். லைட்டர், போன், பீடி எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குப் போய்விடும். எதைப் போய்ச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "தேகா, யா சுனா?" பார்த்தாயா, கேட்டாயா? கேட்டதாகச் சொன்னால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும்போது அந்த மனிதரை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

அவருடைய வழக்கங்களில் முக்கியமானது பேர் கூப்பிடுவது. துளைகளில் மருந்து நிரப்பி, ஒயர் இழுத்து முடித்ததும், நாங்கள் எல்லோரும் மேட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கொட்டகையில் கூடவேண்டும். கான் சாப் ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் "ஹாதிர்" என்று பதில் சொல்லவேண்டும். அரபியில் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அவனவன் பெயருக்கு அவனவன்தான் குரல் கொடுக்கவேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் 'அவன் இங்கதான் இருக்கான்' என்றால் போச்சு, அன்றைக்கு அவனுக்கு டியூட்டி கிடையாது. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால் ஆள் கிடைக்கிறவரை எல்லாம் நிற்கும்; தாமதமாக வந்தவனுக்கும் அன்றைய டியூட்டி போய்விடும். ஒருவனும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. ஒருமுறை ஒரு பெங்காலி கக்கூஸில் இருந்துவிட்டு நிதானமாக வரும்வரை அத்தனை பேரும் வெந்துகொண்டிருந்தோம். அதற்கப்புறம் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டோம், அத்தனை பேரைக் காக்க வைத்தவன் என்று.

வெடித்து முடித்த பிறகு, வெடிக்காரன் மட்டும் தனியாக முதலில் உள்ளே போவான். வெடிக்காமல் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி பேர் கூப்பிடவேண்டும். அதன் பிறகுதான் எல்லாம் சரி என்கிற சைரன். முதலில் போகிறவனும் வெடிக்காரன், கடைசியில் கிளம்புகிறவனும் வெடிக்காரன்.

இந்த வழக்கத்தைக் கண்டு சொக்கிப்போனவர் யூனுஸ். முழுப்பெயர் யூனுஸ் ஸவாதி. அவர் நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவரை, பிள்ளைகளிடம் அரசியல் பேசினார் என்று வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். எங்கள் குவாரிக்கு டைம் கீப்பராக வந்தார். அரபி அதிகாரிகளுக்கும் எங்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும் அவர் வேலைதான். ஆறே மாதத்தில் எங்கள் குவாரி இந்தியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து ரசத்தைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்துவார். எங்களுக்கெல்லாம் அவர் யூனுஸ் பாய்.

நல்ல மனிதர். இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன். துளை போடுகிறவர்களுக்கு ஒதுங்க நிழல் இல்லை என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தோம், மேனேஜர் காதில் ஏறவில்லை. யூனுஸ் பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஏசி அறையிலிருந்த தன் நாற்காலியையும் மேஜையையும் தூக்கிக்கொண்டு வந்து நட்ட நடு வெயிலில் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தார். அதிகாரிகள் வந்துபோகிற வழி அது. அந்த வாரமே தகரக் கொட்டகையும் தண்ணீர் கூலரும் வந்தன. எங்களுக்கு அவர்மேல் உயிர்.

கான் சாபோடு மட்டும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒருத்தன் தாமதமாக வந்ததற்கு அன்றைய டியூட்டியைப் பிடுங்குவது என்ன நியாயம், இவரும் ஒரு முதலாளி மாதிரிதான் என்பார். ஒருத்தன் கஷ்டத்தை எல்லோரும் தாங்கிக்கொள்வதுதான் சோஷலிசம் என்று எங்களுக்கு வகுப்பெடுப்பார். பிரார்த்தனைக்குப் போனவன், வயிற்றுக்கோளாறுக்காரன் என்று இரண்டொருவருக்கு அவரே பின்னாலிருந்து "ஹாதிர்" சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ராசு என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். துளை மெஷினில் கையாள். கல்யாணம் முடித்த கையோடு வந்தவன். தன் தண்ணீர் கேனுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி, கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி வைத்திருப்பான். எவனாவது தொட்டால் சண்டைக்கு வருவான்.

அன்றைக்கு ஷமால் காற்று. புழுதி கண்ணை மறைத்தது. எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். அன்றைய வெடிக்காரன் நான்; கொட்டகைக்கு வெளியே வெடிப்பெட்டியோடு நின்றேன். உள்ளே கான் சாப் பேர் கூப்பிடுகிறார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. ராசு பெயருக்கும் துணிக்குள்ளிருந்து ஒரு "ஹாதிர்" வந்தது. கான் சாப் கையைக் காட்டினார். சைரன் ஊதினார்கள். வெடித்தோம்.

ராசு கீழ்ப்படிக்கு இறங்கிப் போயிருந்தான். தண்ணீர் கேனை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறான், எடுக்கப் போயிருக்கிறான். அந்தக் காற்றில் சைரன் அவனுக்கு எங்கே கேட்டிருக்கும்? பார்வையிட முதலில் உள்ளே போனவன் நான். முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஈரச் சாக்குதான். குவாரிக்குள் ஓடக்கூடாது என்பதையெல்லாம் மறந்து கத்திக்கொண்டே ஓடினேன்.

பிக்கப் வண்டியின் பின்னால் ராசுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு யூனுஸ் பாய் உட்கார்ந்திருந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. யூனுஸ் பாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் சொன்னேன். ஹாதிர்னு நான்தான் சொன்னேன். அவன் கக்கூஸ் பக்கம் போறதைப் பார்த்தேன். கான் திட்டுவாரேன்னு சொல்லிட்டேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

விசாரணை வந்தது. நான் நடந்ததை அப்படியே இந்தியில் சொன்னேன். ராசு கொட்டகையில் இல்லை, அவன் பெயருக்குக் குரல் கொடுத்தது வேறு ஆள் என்றேன். யார் என்று கேட்டதற்கு, அதை அவரே சொல்வார் என்று பக்கத்தில் நின்ற யூனுஸ் பாயைக் காட்டினேன். மொழிபெயர்த்தவரும் அவர்தான். நீளமாக அரபியில் பேசினார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார்.

முடிவு வந்தபோது, சைரன் கேட்டும் ஒதுங்காமல் தன் கவனக்குறைவால் ராசு இறந்தான் என்று இருந்தது. கண்காணிக்கத் தவறினார் என்று கான் சாபை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "பேர் கூப்பிடுறதை மட்டும் விட்டுடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் யூனுஸ் பாயிடம் ஓடினேன். இதென்ன அநியாயம் என்று கேட்டேன். "நான் சொன்னேன் செல்லையா, அவங்க எழுதல. முதலாளி எழுதுறதுதான் எழுத்து. இதை மாத்தத்தான் நான் ஊருக்குப் போறேன்" என்றார். நம்பினேன். அந்த மாதமே அவர் கிளம்பிப் போய்விட்டார்.

ராசுவின் மனைவி வள்ளிக்கு நான்தான் போனில் உண்மையைச் சொன்னேன். உன் வீட்டுக்காரன் சொல்பேச்சுக் கேட்காமல் சாகவில்லை தாயி, வேறொருத்தர் அவனுக்காகக் குரல் கொடுத்துவிட்டார், நல்ல எண்ணத்தில் செய்தது என்றேன். ஊரில் யாரும் அதை நம்பவில்லை. கொழுப்பெடுத்துப்போய்ச் செத்தான் என்றுதான் அவள் காதுபடவே பேசினார்கள். ஒவ்வொரு லீவுக்கும் நான் போய் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

யூனுஸ் பாய் வளர்ந்த கதை எங்களுக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. வாத்தியார்கள் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்ததும் துறைமுகத் தொழிலாளர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சோஷலிஸ்ட் கட்சி ஒன்றைக் கட்டினார். பழைய ஆட்சி விழுந்து தேர்தல் வந்தபோது மாவு மில்லையும் ரொட்டி விலையையும் பேசியே ஜெயித்துப் பிரதமர் ஆகிவிட்டார். மெஸ் டிவியில் அந்த முகத்தைப் பார்த்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கையால் ரசம் வாங்கிக் குடித்த மனிதர்! அவர் ஜெயிலில் கிடந்ததுகூட ராசுவுக்காகக் கிடந்தது மாதிரி எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவன் பிரகாஷ். முன்னால் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவன், அதனால் அரபி தெரியும். ஒரு நாள் மத்தியானம் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். யூனுஸ் பாய் தாடி நரைத்து ஒரு பெரிய மைதானத்தில் பேசிக்கொண்டிருந்தார். பிரகாஷ் வரி வரியாகச் சொன்னான். வளைகுடாவில் ஒரு குவாரியில் ஷலாயா என்று ஒரு இந்தியத் தோழர் இருந்தார்; செல்லையாதான் அரபியில் அப்படி ஆகியிருந்தது. வெடிக்காமல் தங்கிய வெடியைப் பார்க்க, மற்றவர்களைத் தடுத்துவிட்டுத் தான் ஒருவராகப் போனார். என் மடியில்தான் உயிர் விட்டார். முதலில் போகிறவனே தலைவன் என்று எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுச் செத்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு யூனுஸ் கையை உயர்த்தி என் பெயரைக் கூப்பிட்டார். மைதானம் மொத்தமும் ஒரே குரலில் "ஹாதிர்!" என்றது.

அடப்பாவி என்று ஒரு வார்த்தைதான் வந்தது. பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். அண்ணே, செத்தவங்களுக்கு மெஸ்ஸில் சோறு கிடையாது என்றான் ஒருத்தன். ஊரிலிருந்து என் சம்சாரம், அப்ப எனக்கு அந்த ஊர் அரசாங்கம் ஏதாவது செய்யுமா என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்னைச் சாகடித்ததுகூடப் பரவாயில்லை, ராசுவை அந்தக் கதையிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டாரே! விசாரணையில் அவர் அரபியில் நீளமாகப் பேசியபோது தன் "ஹாதிர்" பற்றி வாயே திறக்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எந்தக் காரியத்தால் ஒருத்தன் செத்தானோ, அதே காரியத்தை ஒரு கட்சிக்கே வழக்கமாக்கி வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான பேர், இல்லாதவனுக்காகக் குரல் கொடுக்கிறார்கள்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் வந்தார். எங்கள் பக்கம் சிமெண்ட் வாங்குகிற பேச்சுக்காக வந்தவர், தோழர் ஷலாயா இறந்த இடத்தில் மலர் வைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். கம்பெனியும் சரி என்றுவிட்டது. கம்பெனி ரெக்கார்டில் நான் சி. கருப்பன்; என் பெயர் வெறும் 'சி' ஆகி, அப்பா பெயர்தான் முழுசாக நிற்கும். பிரதமர் சொல்கிற ஷலாயாதான் தினமும் கார்டு தேய்த்து உள்ளே வருகிறவன் என்று மேலே ஒருவருக்கும் தெரியாது. பையன்களும் வாயைத் திறக்கவில்லை.

வள்ளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "வேற ஒண்ணும் வேணாம்ணே. எங்க வீட்டுக்காரரு பேரு அந்த இடத்துல ஒரு தடவ கேக்கணும். அவரு அங்க இருந்தாருன்னு தெரியணும்" என்றாள். பார்க்கிறேன் தாயி என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

பழைய இரும்புக் கொட்டகை இருந்த இடத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் அதிகாரிகள், யூனுஸோடு வந்த கட்சிக்காரர்கள். பின்னால் பெஞ்சுகளில் துவைத்த வேலை உடுப்பு போட்டு நாங்கள். யூனுஸ் மைக்கைப் பிடித்தார். குரல் மட்டும் மாறவே இல்லை. அதே கதை. தங்கிய வெடி, மடி, கடைசி வார்த்தை. பிரகாஷ் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்திவிட்டான். யூனுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தி என் பெயரைக் கூப்பிட்டார். கட்சிக்காரர்கள் எழுந்து "ஹாதிர்!" என்றார்கள்.

அந்தச் சத்தம் அடங்குகிறவரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஹாதிர்" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. யாரோ கிழவனும் உணர்ச்சிவசப்பட்டுக் கோஷம் போடுகிறான் என்று முன் வரிசையில் சிரித்தார்கள். யூனுஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் முகம் எங்கள் கல்லைப் போல வெளுத்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

எத்தனையோ வருடம் அந்தக் கொட்டகையில் நின்று கத்திய தொண்டை அது, அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. கான் சாப் கூப்பிடுகிற மாதிரியே இழுத்துக் கூப்பிட்டேன்.

"ராசு!"

கட்சிக்காரர்களுக்குப் பழக்கதோஷம். இரண்டு மூன்று பேர் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்கள். யூனுஸ் சட்டென்று கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பந்தல் துணி காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நிகழ்ச்சி நடத்தியவர் முழித்துவிட்டு, விருந்தினர்கள் ஜூஸ் சாப்பிட வரலாம் என்று அறிவித்தார். வெள்ளை நாற்காலிக்காரர்கள் எழுந்தார்கள். பின்னால் எங்கள் ஆட்களையும் எழச் சொன்னார்கள். ஒருவனும் எழவில்லை. தமிழன், பெங்காலி, பெஷாவர்க்காரன் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால் ஆள் கிடைக்கிறவரை அசையக்கூடாது. அத்தனை பேருக்கும் அது ரத்தத்தில் ஊறிப்போன வழக்கம். யூனுஸும் இரண்டு வருடம் கான் சாபிடம் இருந்தவர்தானே? மைக்கைப் பிடித்தபடி அவரும் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய ஆட்கள் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் ஒருவர் முழங்கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த ஷலாயா நான்தான், அன்றைக்குச் செத்தவன் ராசு என்று நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மிச்ச நாட்களுக்கு நீ வரவேண்டாம், ரூமிலேயே இரு என்றார். விழாவை எடுத்த வீடியோவிலும் என்னை வெட்டிவிட்டார்கள். அந்த நாட்டுக் கூட்டங்களில் என் பெயரை இன்னும் கூப்பிடுகிறார்கள், ஜனங்கள் இன்னும் பதில் சொல்கிறார்கள் என்று பிரகாஷ் சொல்கிறான். தெருப் பெயரையும் மாற்றவில்லையாம்.

அன்று சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் வள்ளிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். உன் வீட்டுக்காரன் பெயரை அந்த ஆள் சொல்லவில்லை தாயி, நானே கூப்பிட்டுவிட்டேன் என்றேன். எல்லோருக்கும் கேட்டதா என்றாள். கேட்டது என்றேன்.

"அவரு பேருக்கு யாரும் குரல் குடுக்கலியேண்ணே?"

"இல்ல தாயி. யாரும் குடுக்கல."

"அப்பச் சரி" என்றாள்.